வரிசை மாற்றம்: சூத்திரத்தைக் கடைசியில் எடுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "பையன் பிளஸ் ஒன். வரிசை மாற்றங்கள் பாடத்தில் சூத்திரம் எல்லாம் ஒப்பிக்கிறான். கணக்கைக் கொடுத்தால் பெருக்குவதா, கூட்டுவதா, வகுப்பதா என்று முழிக்கிறான். ஒரு சொல் அகராதி வரிசையில் எத்தனையாவதாக வரும் என்ற கணக்கில் கையே வைக்க மாட்டேன் என்கிறான். நான் படித்தது வரலாறு. எனக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?"

முடியும். வரலாறு படித்தவர் என்பது ஒரு குறையும் இல்லை, இந்தப் பாடத்துக்கு முன்னறிவு என்று பார்த்தால் பெருக்கல் வாய்பாடு போதும். புதுச்சேரியில் பல வருடங்களாகக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கம் மாநிலப் பாடத்திட்டம், இங்கே அரசுப் பள்ளிகளில் இப்போது சி.பி.எஸ்.இ. இரண்டிலும் இந்தப் பாடம் 11-ஆம் வகுப்பில்தான் வருகிறது, இரண்டிலும் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். கணக்கை வாசித்தவுடனே "இது என்-பி-ஆரா (வரிசை மாற்றச் சூத்திரம்), என்-சி-ஆரா (சேர்வுச் சூத்திரம்)?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே வேண்டாம். பேப்பரில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை பேர் வரலாம் என்று கேட்டால் போதும். சூத்திரம் அதிலிருந்து தானாக வரும். வராவிட்டாலும் விடை வந்துவிடும்.

முதலில் வரிசை என்றால் என்ன என்பது பிடிபட வேண்டும். அதற்குக் கணக்குப் புத்தகத்தைவிடத் தமிழ்ப் புத்தகம் நல்லது. பையன் அலகிட்டு வாய்பாடு எழுதியிருப்பான். அசை இரண்டே இரண்டு: நேர், நிரை. ஈரசைச் சீருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் 2 வழி, இரண்டாவதிலும் 2 வழி, ஆக 2 × 2 = 4. அந்த நாலும் அவனுக்கு மனப்பாடம்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இதில் புளிமாவையும் கூவிளத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஒரு நேர், ஒரு நிரை. சரக்கு ஒன்றுதான், முன்பின்தான் வேறு. அதனாலேயே வாய்பாடும் வேறு. முன்பின் மாறினால் வேறு என்று எண்ணுகிற கணக்கு எல்லாம் இந்தப் பாடத்தைச் சேர்ந்தது. மூவசைக்கு 2 × 2 × 2 = 8, அதாவது காய் நாலு, கனி நாலு. நாலசைக்கு 16. ஓரசைச் சீர் இரண்டையும் சேர்த்தால் 2 + 4 + 8 + 16 = 30 சீர் என்று இலக்கணம் சொல்கிற கணக்கு வந்துவிடும்.

அந்தக் கடைசி வரியில் கூட்டினோம், அதற்கு முன் பெருக்கினோம். ஏன்? ஒரே சீருக்குள் முதல் அசையும் வேண்டும், அடுத்த அசையும் வேண்டும். இதுவும் அதுவும் என்றால் பெருக்கல். ஒரு சீர் ஈரசையாக இருக்கும் அல்லது மூவசையாக இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்காது. இதுவோ அதுவோ என்றால் கூட்டல். ஊர்க் கணக்கில் சொன்னால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும். விழுப்புரத்துக்கு 4 வண்டி, அங்கிருந்து இங்கே 3 வண்டி, எதில் வந்து எதில் ஏறினாலும் சரி என்று வைத்துக்கொண்டால் ரயிலில் 12 வழி. நேர் பஸ் 10 என்றால் மொத்தம் 22. பெருக்கலா கூட்டலா என்ற குழப்பத்துக்கு இதற்கு மேல் மருந்து இல்லை.

அடுத்தது, ஒரு தடவை வந்தது மறுபடி வரலாமா? அசையில் வரலாம், நேர் நேர் என்று வந்தது. ஓட்டப் பந்தயத்தில் வர முடியாது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் 8 பேர் ஓடுகிறார்கள், முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு. முதல் கட்டத்துக்கு 8 பேரில் யாரும் வரலாம். அவர் போக இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 6. விடை 8 × 7 × 6 = 336. பாடப்புத்தகம் இதையே 8!/5! என்று எழுதுகிறது. 8! என்பது 8-இலிருந்து 1 வரை பெருக்கியது, காரணீயப் பெருக்கம் என்பார்கள், வகுப்பில் எல்லோரும் ஃபேக்டோரியல் என்றுதான் சொல்கிறோம். நமக்கு 8 × 7 × 6 மட்டும் போதும், மீதி 5 × 4 × 3 × 2 × 1 வேண்டாம், அதைத்தான் கீழே போட்டு அடிக்கிறார்கள். என்-பி-ஆர் சூத்திரம் என்பது இவ்வளவுதான். பையன் 5! எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் சூத்திரத்தை மறந்தாலும் பரவாயில்லை. பரிசு வரிசை வேண்டாம், மூன்று பேரை அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் போதும் என்றால், அதே மூன்று பேர் தங்களுக்குள் முன்பின்னாக நிற்கும் 6 விதமும் ஒன்றாகிவிடும். 336-ஐ 6-ஆல் வகுக்க 56. அது சேர்வு, அடுத்த பாடம், இங்கே விட்டுவிடுகிறேன்.

திரும்ப வரலாம், வரக்கூடாது என்ற இரண்டையும் வண்டி நம்பரில் சேர்த்துப் பார்க்கலாம். உங்கள் வண்டி டி.என். 31, எங்களுடையது பி.ஒய். 01. அதற்குப் பின் இரண்டு எழுத்து, நாலு இலக்கம். ஆங்கில எழுத்து 26-இல் ஐ, ஓ இரண்டும் 1, 0 போலத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறார்கள், மீதி 24. எழுத்து திரும்ப வரலாம், ஆகவே 24 × 24 = 576 தொடர். ஒவ்வொன்றிலும் 0001 முதல் 9999 வரை. மொத்தம் 57,59,424 வண்டி, ஒரே ஊர் எண்ணுக்கு. இதில் நாலு இலக்கமும் வேறு வேறாக வரும் எண் எத்தனை? 10 × 9 × 8 × 7 = 5040. அதாவது ஒரு தொடரில் பாதிக்குச் சற்று மேல்தான், மீதி 4959 எண்களில் ஏதாவது ஓர் இலக்கம் திரும்ப வந்துவிடும். ஃபேன்ஸி நம்பருக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். "இலக்கம் திரும்ப வருகிறது" என்பது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை.

நிபந்தனை போட்ட கணக்கில்தான் மார்க் போகிறது. ஒரே ஒரு பழக்கம் அதைக் காப்பாற்றும்: எந்தக் கட்டம் அதிகம் அடம்பிடிக்கிறதோ அதை முதலில் நிரப்ப வேண்டும். 0, 1, 2, 3, 4 கொண்டு, இலக்கம் திரும்ப வராமல், எத்தனை மூன்றிலக்க இரட்டை எண் எழுதலாம்? அடம்பிடிப்பது கடைசிக் கட்டம் (0, 2, 4 மட்டும்), அதற்கடுத்து முதல் கட்டம் (0 ஆகாது). நடுக்கட்டம் பரம சாது. கடைசியில் 0 என்றால் முதல் கட்டத்துக்கு 4, நடுவுக்கு 3, ஆக 12. கடைசியில் 2 அல்லது 4 என்றால் அதற்கு 2 வழி, முதல் கட்டத்துக்கு 0-வும் போய் 3, நடுவுக்கு 0 திரும்ப உள்ளே வந்து 3, ஆக 18. இதுவோ அதுவோ, கூட்டினால் 30. இரண்டு வகையாகப் பிரித்ததற்குக் காரணம், 0 கடைசியில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து முதல் கட்டத்தின் எண்ணிக்கை மாறுகிறது. எண்ணிக்கை மாறினால் பிரிக்க வேண்டும், மாறாவிட்டால் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் இடமிருந்து வலமாக நிரப்பிப் பழகியதால் முதல் கட்டத்தில் 4 போட்டுவிட்டுப் போய், கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

"பக்கத்தில் வரக்கூடாது" என்று இன்னொரு வகை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன்னால் குடும்பத்தில் 5 பேர் வரிசையாக நின்று போட்டோ எடுக்கிறார்கள். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். (இரண்டு குடும்பத்துக்கு ஒரு குடும்பத்தில் இந்தக் கணக்கு உண்மையாகவே தேவைப்படும்.) முதலில் மற்ற 3 பேரை நிற்க வையுங்கள், 3! = 6. அவர்களுக்கு இடையிலும் இரு முனையிலுமாக 4 இடைவெளி. மாமாவுக்கு 4, சித்தப்பாவுக்கு மீதி 3. மொத்தம் 6 × 12 = 72. சரிபார்க்க வேறு வழியில் போடலாம்: இருவரையும் ஒரு மூட்டையாகக் கட்டினால் 4 பொருள், 4! = 24, மூட்டைக்குள் முன்பின் 2, ஆக சேர்ந்து நிற்பது 48. மொத்தம் 120. 120 − 48 = 72. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் தைரியமாக அடுத்த கணக்குக்குப் போகலாம். பரீட்சையில் நேரம் இருந்தால் இப்படிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இனி வகுத்தல். பாடப்புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைக் கொடுக்கும். தமிழ்ச் சொல்லில் போட்டால் எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்வோம், உயிர்மெய் ஓர் எழுத்து, புள்ளி வைத்த மெய் ஓர் எழுத்து. தாத்தா என்ற சொல்லில் தா, த், தா என்று மூன்று எழுத்து. 3! = 6 என்று எழுதி விடாதீர்கள். ஒரு தா-வைச் சிவப்பு மையிலும் மற்றதை நீல மையிலும் எழுதிப் பாருங்கள்.

சிவப்பு தா, த், நீல தா
நீல தா, த், சிவப்பு தா
சிவப்பு தா, நீல தா, த்
நீல தா, சிவப்பு தா, த்
த், சிவப்பு தா, நீல தா
த், நீல தா, சிவப்பு தா

மையோடு பார்த்தால் ஆறு. இந்தத் தாளைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் தாத்தா, தாதாத், த்தாதா என்று மூன்றுதான் தெரியும், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆகவே 6 ÷ 2 = 3. ஒரே மாதிரி எழுத்து மூன்று இருந்தால் அவை தங்களுக்குள் 3! = 6 விதமாக இடம் மாறும், அப்போது 6-ஆல் வகுக்க வேண்டும். பலர் 3-ஆல் வகுத்துவிடுவார்கள். மூன்று வண்ண மை வைத்து ஒருமுறை பையனையே எழுதச் சொல்லுங்கள், பிறகு தப்பாது.

சிதம்பரம்: சி, த, ம், ப, ர, ம். ஆறு எழுத்து, ம் இரண்டு. 720 ÷ 2 = 360. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்ற இலக்கணத்தையும் நிபந்தனையாகச் சேர்த்தால்? அடம்பிடிப்பது முதல் கட்டம். ம் அல்லாத 4 எழுத்தில் ஒன்று அங்கே வரும். மீதி ஐந்தில் இரண்டு ம், 120 ÷ 2 = 60. விடை 4 × 60 = 240.

இந்த வகைக்கு ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் மிசிசிப்பி என்ற 11 எழுத்துச் சொல்லைத்தான் காட்டும். அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் ரயில்வே ஸ்டேஷன் பலகை இருக்கிறதே. தி, ரு, ப், பா, தி, ரி, ப், பு, லி, யூ, ர். திருப்பாதிரிப்புலியூரும் சரியாக 11 எழுத்து. தி இரண்டு, ப் இரண்டு. 11! என்பது 3,99,16,800. அதை 2-ஆல் ஒருமுறை, இன்னொரு 2-ஆல் ஒருமுறை வகுத்தால் 99,79,200. ஒரு கோடிக்குக் கொஞ்சம் கம்மி. ஊர்க்காரர்கள் பேச்சில் திருப்பாப்புலியூர் என்று இரண்டு எழுத்தை முழுங்கிவிடுவார்கள். அதில் 9 எழுத்து, ப் மட்டும் இரண்டு, 3,62,880 ÷ 2 = 1,81,440. இரண்டு எழுத்து போனதும் எண்ணிக்கை 55-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. காரணீயப் பெருக்கம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் புரோகிராமிங் பழகுகிற பிள்ளை இருந்தால் ஒரு வார்த்தை. கணினியிடம் திருப்பாதிரிப்புலியூரின் நீளம் கேட்டால் 22 என்று சொல்லும். யூனிகோடில் தி என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது, புள்ளியும் தனி. அப்படியே கலைத்துப் போட்டால் இகரக் குறியும் புள்ளியும் அந்தரத்தில் தொங்கும். எதை ஓர் எழுத்து என்று எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும், கணக்கு அதற்குப் பிறகுதான்.

நீங்கள் வரலாறு படித்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். இந்தக் கணக்கு நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ஆச்சரியக்குறி போட்டு எழுதும் முறைதான் அங்கிருந்து வந்தது. 1808-இல் கிறிஸ்தியன் கிராம்ப் என்ற ஸ்திராஸ்பூர்க் கணிதர் அதைக் கொண்டுவந்தார். அதற்கு அறுநூறு வருடங்களுக்கும் முன்னால், 1150 வாக்கில், இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியின் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி போடுகிறார். சிவனுக்குப் பத்துக் கை, பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம் என்று பத்துப் பொருள். கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தால் எத்தனை தோற்றம்? திருமாலுக்கு நாலு கை, சங்கு, சக்கரம், கதை, தாமரை. அவருக்கு எத்தனை? திருமாலுக்கு 4 × 3 × 2 × 1 = 24. சிவனுக்கு 10! = 36,28,800. நொடிக்கு ஒரு தோற்றமாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் சரியாக 42 நாள் ஆகும், ஒரு நொடி கூடாது, குறையாது. பெருக்கிப் பாருங்கள்: 60 × 60 × 24 × 42.

அந்த 24 வெறும் கணக்கு விடை இல்லை. கேசவன், நாராயணன், மாதவன், கோவிந்தன் என்று தொடங்கும் 24 மூர்த்தங்களைப் புராணங்களும் சிற்ப நூல்களும் சொல்கின்றன. எல்லாருக்கும் அதே நாலு பொருள்தான், எந்தக் கையில் எது என்ற வரிசையை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. எந்தப் பெயருக்கு எந்த வரிசை என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஆனால் எண்ணிக்கை 24-ஐத் தாண்ட முடியாது, 25-ஆவது வரிசை கிடையாது. வைணவர்கள் திருமண் இட்டுக்கொள்ளும்போது சொல்லும் 12 பெயர்கள், கேசவன் முதல் தாமோதரன் வரை, இந்த 24-இன் முதல் பாதி.

கடைசியாக, பையன் தொடமாட்டேன் என்கிற அகராதி வரிசைக் கணக்கு. உண்மையில் பாடத்திலேயே இதுதான் சுலபம், ஏனென்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும் போதும். புதுச்சேரி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பு, து, ச், சே, ரி. ஐந்தும் வேறு வேறு, 120 வரிசை. அந்த 120-ஐயும் அகராதியில் அடுக்கினால் புதுச்சேரி எத்தனையாவது? முதலில் எழுத்துகளைத் தமிழ் நெடுங்கணக்குப்படி அடுக்குங்கள், மெய்யை அதன் உயிர்மெய்க்கு முன்னால் வைத்து: ச், சே, து, பு, ரி.

சொல் பு-வில் தொடங்குகிறது. பு-வுக்கு முன்னால் ச், சே, து என மூன்று எழுத்து. அவற்றில் தொடங்கும் எல்லா வரிசையும் நமக்கு முன்னால் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் மீதி நாலு எழுத்து 4! = 24 விதம். 3 × 24 = 72. இப்போது பு-வை எடுத்து வைத்துவிட்டோம், மீதி ச், சே, து, ரி. அடுத்த எழுத்து து, அதற்கு முன்னால் ச், சே என இரண்டு. 2 × 3! = 12. மீதி ச், சே, ரி. அடுத்தது ச், முன்னால் யாரும் இல்லை, 0. அடுத்தது சே, மீதி இருக்கும் சே, ரி-யில் அதுவே முதல், 0. கூட்டினால் 84. நமக்கு முன்னால் 84 பேர் என்றால் நாம் 85-ஆவது. அவ்வளவுதான்.

செய்து பார்க்க உங்கள் மாவட்டத்திலேயே ஓர் ஊர் தருகிறேன்: விருத்தாசலம். வி, ரு, த், தா, ச, ல, ம், ஏழும் வேறு வேறு, 5040 வரிசை. அகராதி அடுக்கு ச, த், தா, ம், ரு, ல, வி. விடை 4832 வர வேண்டும். 4831 என்று வந்தால் கடைசியில் 1 கூட்டாமல் விட்டிருக்கிறான். வேறு ஏதாவது வந்தால், ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து வைத்த பிறகு மீதியில் அதை அடித்தானா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தப்பு இருக்கும்.